ஆழமில்லாத அலமாரி

கூடத்தில் ஒரு கப்பல் நின்றது.

முழுக் கப்பல் இல்லை. கப்பலின் ஓர் அறை மட்டும். சோபாவைச் சுவரோடு தள்ளிவிட்டு, சாப்பாட்டு மேசையை வாசலில் தூக்கிப் போட்டுவிட்டு, தாத்தா அதைத் தரையில் சாக்பீஸால் வரைந்திருந்தார். பதினாறு அடி நீளம், எட்டரை அடி அகலம். இங்கே கதவு, இங்கே குளியலறை, இங்கே ஜன்னல். கட்டிலையும் வரைந்தால் போதும்தானே? தாத்தாவுக்குப் போதாது. பட்டறையிலிருந்து பலகைகளைக் கொண்டுவந்து, மேலே இரண்டு கீழே இரண்டாக நாலு படுக்கைகளே செய்துவிட்டார்.

தாத்தா தச்சர். நாற்பது வருஷம் அலமாரி செய்தவர். போன மாதம்தான் வீட்டுக்குப் பின்னால் இருந்த பட்டறையை மூடினார். மூடிய அன்றே தன் இரண்டு மகன்களுக்கும் போன் போட்டார்.

"நாம எட்டுப் பேரும் ஒரே இடத்துல படுத்துத் தூங்கி மூணு வருஷம் ஆச்சு. நாலு நாள் கப்பல்ல போறோம். செலவு என்னோடது. எந்தக் கப்பல்னு மட்டும் எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணணும்."

அந்த 'எல்லாரும் சேர்ந்து' என்பதில்தான் வினையே வந்தது.

இருந்தவை இரண்டு கப்பல்கள். வெள்ளைக் கப்பல் பெரியது. அதில் நாலு பேர் படுக்கும் அறைகள் உண்டு. மேல்தளத்தில் மூன்று மாடி உயரத்துக்குத் தண்ணீர்ச் சறுக்கு வேறு. நீலக் கப்பல் சின்னது. எல்லா அறையும் இரண்டு பேருக்குத்தான்.

தாத்தாவின் ஆசை வெள்ளைக் கப்பல். "நானும் என் மூணு பேரப்பிள்ளைங்களும் ஒரே ரூம்" என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த மூன்று பேரில் நடு ஆள்தான் நம் கதையின் நாயகி. வயது ஒன்பது. அவளுடைய நிஜப் பெயர் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லாருக்கும் அவள் கடுகு. அவளுக்கு ஆறு வயதில் ஒரு தம்பி. பெரியப்பாவின் மகன் பதினோரு வயதுக்காரன். பள்ளிக்கூடக் கால்பந்து அணிக்குத் தலைவன் என்பதால் அவனை எல்லாரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் தாத்தா வீட்டுக்கு வந்திருந்தார்கள். காலையில் உள்ளே நுழைந்ததுமே தாத்தா சொல்லிவிட்டார். "காகிதத்துல பார்த்தா எல்லா ரூமும் பெரிசாத்தான் தெரியும். படுத்துப் பார்த்தாத்தான் தெரியும் சங்கதி. இன்னைக்கு ராத்திரி ஒத்திகை. நாங்க நாலு பேரும் இதுல தூங்கப்போறோம்!"

தம்பி குதித்தான். கடுகு கைதட்டினாள். கேப்டன் மட்டும் பந்தை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டான்.

இப்போது மணி நாலு. டிராவல்ஸ் ஆபீஸ் அம்மா இரண்டாவது முறையாகப் போன் செய்தார்.

"ஐயா, அஞ்சு மணி வரைக்கும்தான் ரெண்டு கப்பல்லயும் ரூம் பிடிச்சு வைக்க முடியும். அஞ்சு அடிச்சா வேற ஆளுங்களுக்குப் போயிடும். கோவிச்சுக்காதீங்க."

தாத்தா போனை வைத்துவிட்டு எல்லாரையும் பார்த்தார். "அப்ப வெள்ளைக் கப்பல்தானே?"

"எனக்கு வேண்டாம்" என்றான் கேப்டன்.

எல்லாரும் அவன் பக்கம் திரும்பினார்கள்.

"ஏன்டா?" என்றார் பெரியப்பா.

"நான் இந்தப் பொடிசுங்களோட ஒரே ரூம்ல தூங்க மாட்டேன்."

"தாத்தாவும்தானே இருக்காரு?"

"யாரோடவும் தூங்க மாட்டேன். எனக்குத் தனி ரூம் வேணும். இல்லன்னா அம்மா ரூம்ல இருக்கேன்."

தாத்தாவின் முகம் சுருங்கிப் போனது. காதில் செருகியிருந்த தட்டைப் பென்சிலை எடுத்தார். அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கடுகுக்கு அதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

"நீலக் கப்பல்லயே போயிடலாமே" என்று மெதுவாகச் சொன்னார் பெரியம்மா. "ரெண்டு ரெண்டு பேரா இருந்தா வசதிதானே?"

"என்ன அண்ணி வசதி?" என்று அப்பா குரலை உயர்த்தினார். "பிள்ளைங்களோட ஒண்ணா இருக்கணும்னு அப்பா ஆசைப்படறாரு. ஆளுக்கொரு மூலையில கதவைச் சாத்திக்கிட்டுக் கிடக்கவா கப்பல்ல போறோம்? உங்க பையனுக்கு எங்க பிள்ளைங்களோட இருக்கிறது அவ்வளவு கௌரவக் குறைச்சலா?"

"அப்படி இல்ல..." என்று தொடங்கிய பெரியம்மா பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். அவர் கண் கேப்டன் பக்கம் போய்த் திரும்பியது.

பெரியப்பாவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "அவனை வீட்டுலயே விட்டுட்டுப் போவோம். அப்பதான் புத்தி வரும்."

"அப்ப நானும் வரல" என்றார் பெரியம்மா.

"சறுக்கு இல்லன்னா நானும் வரல!" என்று தம்பியும் தன் பங்குக்குக் கத்தினான். அவனை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

தாத்தா குரலை உயர்த்தவே இல்லை. "எட்டுப் பேர்ல ஒருத்தர் முகம் வாடினாலும் எனக்குக் கப்பல் வேண்டாம். அஞ்சு மணி வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள ஒரு முடிவுக்கு வரலன்னா, இதையெல்லாம் அழிச்சிடறேன்."

சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய் ஒரு வாளித் தண்ணீரும் துணியும் கொண்டுவந்து, வரைந்த அறையின் வாசலில் வைத்தார்.

கேப்டன் விருட்டென்று பின்பக்கம் போய்விட்டான்.

மணி நாலு பத்து.

கடுகுக்குக் கப்பல் போய்விடுமே என்ற பயம் ஒரு பக்கம். ஆனால் அவளைக் குடைந்தது வேறு ஒன்று. போன வருஷம் அவள் கால் சுளுக்கியபோது, விளையாட்டு மைதானத்திலிருந்து வீடு வரைக்கும் அவளை முதுகில் தூக்கி வந்தவன் கேப்டன். அவனா இன்று 'பொடிசுங்க' என்கிறான்?

யோசித்துக்கொண்டே ஜன்னலோரம் போனாள். அங்கே பூந்தொட்டிக்குப் பக்கத்தில் கேப்டனின் டம்ளர் இருந்தது. மதியம் அம்மா எல்லாருக்கும் எலுமிச்சைச் சாறு கொடுத்தாள். கேப்டனின் டம்ளர் காலி. ஆனால் தொட்டி மண்ணில் எலுமிச்சை விதை கிடந்தது.

இது என்ன கூத்து? செடிக்கா எலுமிச்சைச் சாறு?

அப்போதுதான் மற்றதும் ஞாபகம் வந்தது. சாப்பிடும்போது அவன் தண்ணீர் குடிக்கவில்லை. இத்தனை வெயிலில் தெருவில் பந்து விளையாடிவிட்டு வந்தும் குடிக்கவில்லை. உதடு காய்ந்து வெள்ளை வெள்ளையாக இருந்தது. காலையிலிருந்தே, தாத்தா ஒத்திகை என்று சொன்னதிலிருந்தே, அவன் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை.

கடுகு ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள்.

பட்டறை காலியாக இருந்தது. மெஷின்கள் போய்விட்டன. மரத்தூள் வாசனை மட்டும் மிச்சம் இருந்தது. அந்தத் தரையில்தான் தாத்தா நீலக் கப்பலை வரைந்து வைத்திருந்தார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்ன அறைகள். நடுவில் சுவருக்காக ஒரு கோடு. அதில் ஓர் அறையின் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் கேப்டன்.

"தண்ணி குடிக்கிறியா, அண்ணா?"

"வேண்டாம்."

"உன் உதடெல்லாம் வெடிச்சிருக்கு."

"வேண்டாம்னு சொல்றேன்ல? போ!"

அவன் அவள் கையைத் தட்டிவிட்டதில் பாதித் தண்ணீர் தரையில் கொட்டியது. இரண்டு பேரும் அந்த ஈரத்தைப் பார்த்தார்கள். கேப்டனுக்கு முகம் கோணிக்கொண்டு வந்தது. கால்பந்து அணித் தலைவன், போன வாரம் முழங்கால் கிழிந்தும் அழாதவன், இப்போது விசும்பி விசும்பி அழுதான்.

கடுகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான். "குடிச்சா ராத்திரி படுக்கை நனைஞ்சிடும்."

"ஓ."

"தினமும் இல்ல. எப்பவாவதுதான். பன்னண்டு மணிக்கு அம்மா வந்து ஒரு தடவை எழுப்பிவிட்டா போதும், ஒண்ணும் ஆகாது. டாக்டர்கூட வளர வளரச் சரியாயிடும்னுதான் சொன்னாரு. ஆனா நாலு பேர் இருக்கிற ரூம்ல அம்மா எப்படி வந்து எழுப்புவாங்க? தம்பி பார்த்தா ஊருக்கே சொல்லிடுவான். அப்பாகிட்டகூட அம்மா சொல்லல, நான்தான் சொல்லக் கூடாதுன்னேன்." அவன் மூக்கை உறிஞ்சினான். "நீ யாருகிட்டயாவது சொன்னே..."

"சொல்ல மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா." கடுகு சற்று யோசித்தாள். "உன் ரகசியத்தை நீ சொல்லிட்டே. என்னோடதையும் வெச்சுக்கோ. நான் தூக்கத்துல பேசுவேன்."

"என்ன பேசுவே?"

"வகுப்புல வருகைப் பதிவு எடுப்பேன். ஒண்ணாம் நம்பர்ல இருந்து முப்பத்தாறாம் நம்பர் வரைக்கும். ஒரு நாள் ஏழாம் நம்பர் லேட்டா வந்தான்னு தூக்கத்துலயே திட்டினேனாம். தம்பி கேட்டுட்டான். ஸ்கூல்ல சொல்லாம இருக்க வாரத்துக்கு ரெண்டு சாக்லேட் வாங்கிக்கிறான்."

அழுகைக்கு நடுவிலும் கேப்டனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "லஞ்சமா?"

"லஞ்சமேதான்."

பட்டறைச் சுவர்க் கடிகாரம் டங் என்று ஒரு தடவை அடித்தது. நாலரை. இரண்டு பேரின் சிரிப்பும் நின்றுபோனது.

வெள்ளைக் கப்பலுக்குப் போனால் கேப்டன் நாலு நாளும் தண்ணீர் குடிக்காமல் கிடப்பான். நீலக் கப்பலுக்குப் போனால் தாத்தாவின் ஆசை போய்விடும். எங்குமே போகாவிட்டால் அப்பாவும் பெரியப்பாவும் இனி எப்போது பேசிக்கொள்வார்களோ! கடுகு எழுந்து அந்தச் சின்ன அறைக்குள் முன்னும் பின்னும் நடந்தாள். சுவர்க் கோட்டைத் தாண்டிப் பக்கத்து அறைக்குப் போனாள். மறுபடி இங்கே வந்தாள்.

சட்டென்று நின்றாள்.

"அண்ணா, இந்தக் கட்டம் என்ன?"

சுவர்க் கோட்டின் மேலேயே ஒல்லியாக ஒரு கட்டம் வரைந்திருந்தது. அதில் தாத்தாவின் கையெழுத்தில் 'அலமாரி' என்று எழுதியிருந்தது.

"அதான் எழுதியிருக்கே. அலமாரி."

"சரி. அந்தப் பக்கத்து ரூம்லயும் அதே இடத்துலதான் அலமாரி. ரெண்டுமே இந்தச் சுவருக்குள்ளதான் இருக்கு. நடுவுல இருக்கிற சுவரு ஒரு சாண்கூட இல்ல. அப்ப இந்த அலமாரிக்கு ஆழம் எங்க? சட்டையை எங்க தொங்கவிடுறது?"

கேப்டன் குனிந்து பார்த்தான். "ஆமா... ஆழமே இல்ல."

தாத்தா பார்த்து வரைந்துவிட்டுத் தரையில் போட்டிருந்த கப்பல் புத்தகத்தைக் கடுகு எடுத்துப் புரட்டினாள். படத்தில் அறைகள் தீப்பெட்டி அளவுக்கு இருந்தன. பெரும்பாலான அறைகளுக்கு நடுவே வெறும் கோடுதான். சில அறைகளின் நடுச்சுவரில் மட்டும் ஒரு குட்டிக் கட்டம் இருந்தது. பக்கத்தில் எந்த எழுத்தும் இல்லை. நாற்பது வருஷம் அலமாரி செய்தவர் கண்ணுக்குக் கட்டம் எல்லாமே அலமாரிதான்!

"அலமாரி இல்லன்னா சுவத்துல வேற என்ன இருக்கும்?" என்றாள் கடுகு.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த நொடி புத்தகத்தோடு எழுந்து ஓடினார்கள்.

கூடத்தில் அப்பா ஒரு ஜன்னல் பக்கம், பெரியப்பா இன்னொரு ஜன்னல் பக்கம். தாத்தா துணியை வாளியில் நனைத்துக்கொண்டிருந்தார்.

"தாத்தா, அழிக்காதீங்க!"

"மணி என்ன ஆச்சு பாரு."

"இன்னும் கால் மணி நேரம் இருக்கு. போனைக் குடுங்க, ப்ளீஸ்!"

கடுகு டிராவல்ஸ் ஆபீஸ் எண்ணை அழுத்தினாள். லைன் கிடைக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அதே டொயிங் டொயிங் சத்தம். ஐந்து மணிக்குள் முடிவு சொல்ல வேண்டியவர்கள் இவர்கள் மட்டும்தானா, என்ன?

நாலு நாற்பத்தெட்டு. நாலு ஐம்பது. நாலு ஐம்பத்திரண்டு. தாத்தா பிழிந்த துணியோடு குனிந்து நின்றார். கடுகு மறுபடி மறுபடி அழுத்தினாள். ஏழாவது தடவை மணி அடித்தது.

"வணக்கம், சொல்லுங்க."

"ஆன்ட்டி, நீலக் கப்பல்ல எங்களுக்குப் பிடிச்சு வெச்சிருக்கிற ரூம்ல, நடுச்சுவத்துல ஒரு கட்டம் போட்டிருக்கே, அது அலமாரியா?"

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. "அலமாரியா? அது கதவும்மா! ரெண்டு ரூமுக்கும் நடுவுல கதவு. திறந்து வெச்சா ஒரே ரூம் மாதிரி. மூடினா ரெண்டு ரூம். அந்த மாதிரி ஒரே ஒரு ஜோடிதான் மிச்சம், வேற ஒருத்தரும் கேட்டுட்டு இருக்காங்க. வேணுமா, வேண்டாமா?"

"ரெண்டு நிமிஷம் ஆன்ட்டி! போனை வைக்காதீங்க!"

கடுகு போனைக் கையால் பொத்திக்கொண்டு, கேட்டதை அப்படியே எல்லாருக்கும் சொன்னாள்.

"கதவா?" தாத்தா புத்தகத்தை வாங்கி மூக்குக்கு நேராகப் பிடித்தார். "அட, ஆமாம்ல! ஒன்றரை அங்குல அலமாரியை எவன் செய்வான்? எனக்கு ஏன் தோணல?"

"ஒரு ரூம்ல தாத்தாவும் தம்பியும்" என்று கடுகு வேகவேகமாகச் சொன்னாள். "பக்கத்து ரூம்ல நானும் கேப்டனும். பகல் பூரா கதவு திறந்திருக்கும். நாம நாலு பேரும் ஒண்ணா இருக்கலாம். தூங்கும்போது மட்டும் மூடிக்கலாம்."

"எதுக்கு மூடணும்?" என்றார் அப்பா. "வெள்ளைக் கப்பல்ல நாலு பேரும் ஒண்ணாவே தூங்கலாமே. கேப்டனுக்கு என்னதான் பிரச்சனை? அதைச் சொல்லச் சொல்லு முதல்ல."

எல்லாரும் கேப்டனைப் பார்த்தார்கள். அவன் காது சிவந்துவிட்டது. பெரியம்மாவின் கை சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தது.

கடுகு ஒரு மூச்சு இழுத்துக்கொண்டாள்.

"எனக்குத்தான் மூடணும்பா. நான் தூக்கத்துல பேசுவேன். வருகைப் பதிவு எடுப்பேன், சத்தமா. நாலு பேர் நடுவுல படுத்தா எனக்கு வெக்கமா இருக்கும். கேப்டன் கேட்டாலும் கேலி பண்ண மாட்டான். அதனால அவன் மட்டும் என் ரூம்ல இருந்தா போதும்."

பெரியப்பா சிரித்தார். அப்பாவும் சிரித்துவிட்டார். "முப்பத்தாறு பேரையும் கூப்பிடுவியா?" என்றாள் அம்மா. கடுகின் முகம் ஜிவுஜிவு என்று சிவந்துவிட்டது. ஆனால் கேப்டனை இப்போது யாரும் பார்க்கவில்லை.

தம்பிக்கு மட்டும் சிரிப்பே வரவில்லை. "நீயே சொல்லிட்டியா? அப்ப என் சாக்லேட்?"

"அவ்வளவுதான். கடை மூடியாச்சு" என்றாள் கடுகு.

"மணி நாலு ஐம்பத்தெட்டு!" என்று அம்மா எச்சரித்தாள்.

தாத்தா நிமிர்ந்தார். ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் கேட்டார். பெரியப்பா தலையாட்டினார். அப்பா பெரியம்மாவைப் பார்த்து, "மன்னிச்சிடுங்க அண்ணி, வாய் நீண்டுடுச்சு. எனக்குச் சம்மதம்" என்றார். பெரியம்மாவும் அம்மாவும் சரி என்றார்கள். தம்பி உதட்டைப் பிதுக்கினான்.

"எனக்குச் சறுக்கு?"

"திரும்பி வந்ததும் பட்டறையில உனக்கு ஒரு பலகைச் சறுக்கு செஞ்சு தரேன். மூணு மாடிக்கெல்லாம் வராது. உன் உயரத்துக்கு வரும். போதுமா?"

"ரெண்டு வளைவு வெச்சு?"

"ரெண்டு வளைவு வெச்சு."

"அப்ப சரி."

கடைசியாகத் தாத்தா கேப்டனிடம் வந்தார். "நீ சொல்லுடா."

கேப்டன் கடுகைப் பார்த்தான். "சம்மதம் தாத்தா. அவ எத்தனை பேரைக் கூப்பிட்டாலும் நான் சமாளிச்சுக்கறேன்."

கடுகு போனிலிருந்து கையை எடுத்தாள். "ஆன்ட்டி! நீலம்! கதவு வெச்ச ரூம்! எட்டுப் பேர்!"

போனை வைத்தபோது பட்டறைக் கடிகாரம் ஐந்து அடித்தது. கடுகு, தாத்தா வரைந்த அறைக்குள்ளேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

பெரியம்மா அவள் பக்கத்தில் வந்து குனிந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "கடுகு, ராத்திரி பன்னண்டு மணிக்கு..." என்று காதோடு தொடங்கினார்.

"தெரியும் பெரியம்மா. என் வாட்ச்ல அலாரம் இருக்கு."

பெரியம்மா அவள் தலையைத் தன் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

"ஒத்திகை நடக்கும்!" என்று தாத்தா கூவினார். "ஆனா இங்க இல்ல, பட்டறையில. வாங்க, எல்லாரும் ஆளுக்கொரு பலகையைத் தூக்குங்க!"

பட்டறையில் தாத்தா முழங்கால் போட்டு உட்கார்ந்து, 'அலமாரி' என்ற எழுத்தை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தார். அந்த இடத்தில் ஒரு கதவை வரைந்தார். கைப்பிடியும் வரைந்தார். சரியாகத் திறக்கிறதா என்று தம்பி பத்துத் தடவை போய்ப் போய் வந்தான்.

தரையில் அந்தப் பாதி டம்ளர் தண்ணீர் இன்னும் அப்படியே இருந்தது. கேப்டன் அதை எடுத்தான். அண்ணாந்து மடமடவென்று ஒரே மூச்சில் குடித்தான். வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு டம்ளரை நீட்டினான்.

"கடுகு, இன்னொரு டம்ளர் தண்ணி கிடைக்குமா? முழுசா."